ரத்தம் குறைக்கும் ஊசி

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவளுக்கு இரண்டு பெயர்: ஊசி குத்துவதற்கு முன் 'தாயி', குத்திய பின் 'பாவி'. என்னைப் போல ஊசி பிடித்துப் பிழைக்கிறவர்களுக்கு இது புதிதல்ல. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்களில் கோவில்பட்டியில் நான் வாங்காத ஏச்சில்லை. சுடலைமுத்து அண்ணாச்சி மட்டும் ஒருநாளும் ஏசியதில்லை. அதுதான் வினையாகப் போனது.

கெட்ட ரத்தம்

அண்ணாச்சி எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கம் ஆடு வைத்திருந்தார், கொஞ்சம் பருத்தியும் உண்டு. இடது விலாவுக்குக் கீழே வயிறு கல்லாகக் கனக்கிறது, ஆட்டுக்குப் பின்னால் நடக்க முடியவில்லை என்று மனைவி பேச்சியம்மா கூட்டி வந்தார். அவர் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். வெள்ளை அணுக்கள் கோயில் கொடைவிழாக் கூட்டம் மாதிரி முண்டியடித்து நின்றன. டாக்டர் மதுரைக்கு அனுப்பினார். ரத்தப் புற்றுநோய்தான், ஆனால் மாத்திரைக்குக் கட்டுப்படுகிற வகை. தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும், மாதம் ஒருமுறை என்னிடம் ரத்தம் கொடுக்க வேண்டும்.

அதற்காக முதல் மாதம் வந்தபோது, நான் ஊசியை எடுத்ததும் பேச்சியம்மா கண்ணை மூடிக்கொண்டார். அண்ணாச்சி கையை நீட்டிச் சொன்னார்:

"நல்லா உறிஞ்சி எடு தாயி. கெட்ட ரத்தந்தான, எனக்கு எதுக்கு?"

டாக்டருக்குக் கிடைக்காத கும்பிடு

மாதாமாதம் அணுக்கள் குறைந்தன. வயிற்றுக் கனம் கரைந்தது. அண்ணாச்சி மறுபடி மேய்ச்சலுக்குப் போனார். வரும்போதெல்லாம் எனக்கு ஒரு பெரிய கும்பிடு, பேச்சியம்மா கையால் ஒரு பை கம்பு மாவு. டாக்டருக்கு ஒன்றும் கிடையாது. பெருமையாகத்தான் இருந்தது, வாங்கிக்கொண்டேன்.

பிறகு ஒரு மாதம் அணுக்கள் கூடின. அடுத்த மாதம் இன்னும் கூடின. மாத்திரை கேட்கவில்லையோ என்று நான் பதற, பேச்சியம்மா விஷயத்தைப் போட்டு உடைத்தார். குமட்டுகிறதென்று அவர் மாத்திரையையே நிறுத்திவிட்டாராம். ஏன் அண்ணாச்சி இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் முகத்தில் கவலையே இல்லை.

"சீக்கு ஆட்டுக்குக் காதுல கீறி ரத்தத்த விட்டா சரியாப் போவும்லா? எனக்கு நீதான் மாசாமாசம் எடுக்கியே தாயி, பெறவு மாத்திரை எதுக்கு?"

வாய்க்கூடை

கோபம் வந்தது, அதைவிட அதிகமாக அழுகை வந்தது. அந்த மனுஷர் தன் உயிரையே என் ஊசியை நம்பி விட்டுவிட்டாரே! உட்காரவைத்துச் சொன்னேன்.

"காயம் பட்டா, தோலு வளரணும்னு உடம்புக்குள்ள ஒரு உத்தரவு போவும் அண்ணாச்சி. ஆறுனதும் அது நின்னுரும். உங்க எலும்புக்குள்ள, யாரும் சொல்லாமலே, பெருகு பெருகுன்னு அணு தனக்குத்தானே உத்தரவு போட்டுக்கிட்டே இருக்கு. மாத்திரை அந்த வாயத்தான் அடைக்குது. நான் ரத்தம் எடுக்கது, எத்தனை பெருகியிருக்குன்னு பாக்கதுக்கு மட்டுந்தான்."

அவர் யோசித்தார். "பருத்திக்குள்ள உழும்போது, செடியத் திங்காம இருக்க மாட்டுக்கு வாய்க்கூடை போடுத மாதிரியா?"

"அதேதான்."

"உழவு எப்பம் முடியும்?"

பேச்சியம்மாதான் பையிலிருந்து மாத்திரையை எடுத்தார். "முடியாட்டா என்ன? காலம்பூரா போட்டுக்கிட்டே கெடங்க. நீங்க கண்ணு முன்னால நடமாடணும் எனக்கு." அண்ணாச்சி தண்ணீர் வாங்கி அதை விழுங்கினார்.

அடுத்தடுத்த மாதங்களில் அணுக்கள் மறுபடி குறைந்தன. பார்த்தீர்களா, எல்லாம் மாத்திரையின் வேலை என்று ரிப்போர்ட்டைக் காட்டினேன். அவர் தலையாட்டிவிட்டு, சட்டைக் கையை மேலே சுருட்டினார்.

"மாத்திரையும் திங்கேன். ஆனா நீ எடுக்கத நிப்பாட்டிராத தாயி. நீயும் மாத்திரையும் ரெண்டு பேருமாச் சேந்து என்னப் பாத்துக்கிடுங்க."

ஊசி குத்தி நான் வாங்கிய ஒரே நல்ல பெயர் அது, அதிலும் முக்கால்வாசி மாத்திரைக்குச் சேர வேண்டியது.