எஸ்டிமேட்டில் குறைத்த ஒன்றரை அடி

1. மனு நாள்

நான் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவன். இது நடந்தபோது ஓய்வுக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது. திருச்சுழிக்குத் தெற்கே ஓர் ஊரில், மக்கள் மனு கொடுக்க வரும் அரசு அலுவலகம். ஊர்ப் பெயர் வேண்டாம். அதன் புதுக் கட்டடத்துக்கு எஸ்டிமேட் போட்டதும், வேலையைப் பார்த்ததும், முடிந்த வேலையைப் பதியும் அளவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

அன்று சுற்றுச்சுவருக்கு அளவெடுக்கப் போயிருந்தேன். மனு நாள் என்பதால் நல்ல கூட்டம். பெண்கள் கழிப்பறை வாசலில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் காலி வீல்சேரைப் பிடித்தபடி நின்றிருந்தார். உள்ளே எட்டிப் பார்ப்பதும், பெண்கள் வெளியே வந்தால் தலையைக் குனிந்து ஒதுங்குவதுமாக இருந்தார். என்ன என்று கேட்டேன்.

அவர் வீரசோழனில் அரிசிக் கடை வைத்திருக்கும் காதர் பாய். உள்ளே போயிருப்பது அவர் மனைவி மைதீன் பீவி. பக்கவாதத்தில் இடது கையும் காலும் விழுந்துபோனவர். வீல்சேர் படம் போட்ட கதவுக்குள் வீல்சேர் நுழையவில்லை. வரிசையில் நின்ற இரண்டு பெண்கள் அவரைத் தாங்கிக்கொண்டு போய் உட்காரவைத்துவிட்டு வெளியே வந்திருக்கிறார்கள். அவர்கள் போய்க் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அப்போதுதான் உள்ளேயிருந்து ஒரு பெண், "ஏங்க, அந்தம்மா விழுந்து கெடக்காக. கதவு தெறக்க மாட்டேங்குது" என்றார்.

நான் யாரையும் கேட்காமல் உள்ளே போனேன். தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை. தள்ளினால் இரண்டு விரற்கடை நகர்ந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் தள்ளினால் உள்ளே முனகல் கேட்டது. கதவை அடைத்துக்கொண்டு கிடந்தது அந்த அம்மாவின் உடம்புதான். உள்பக்கம் திறக்கும் கதவு. கீலும் உள்பக்கம். வெளியிலிருந்து கழற்ற வழி கிடையாது. அது எனக்கு நன்றாகத் தெரியும், அதை அப்படி மாட்டச் சொன்னவனே நான்.

வாட்ச்மேனிடம் ஆக்சா பிளேடு வாங்கி, பி.வி.சி. கதவின் மேல்பாதியை அறுக்க ஆரம்பித்தேன். பிளேடு வழுக்கி விரலைக் கிழித்தது. துண்டு உள்ளே விழுந்து அவர் தலையில் பட்டுவிடக் கூடாதே என்று ஒரு கையால் பிடித்துக்கொண்டே அறுத்தேன். திடீரென முனகல் நின்றுபோனது. அந்த நேரத்தில் பென்ஷனும் நினைவில் இல்லை, ஒன்றும் இல்லை. "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை.

துப்புரவு வேலை பார்க்கும் பாண்டியம்மாள் அந்த ஓட்டை வழியாக ஏறி உள்ளே இறங்கினாள். சேலையைச் சரிசெய்துவிட்டு, "மூச்சு இருக்கு சார். மயக்கந்தான்" என்றாள். அவரை அணைத்து நகர்த்திய பிறகுதான் கதவு திறந்தது.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் மைதீன் பீவி கண் திறந்துவிட்டார். வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. நல்லபடியாக இருந்த ஒரே கை அது. காதர் பாய் என்னிடம் கோபப்படவில்லை. கேட்டது ஒன்றுதான்.

"வீட்ல நாந்தான் சார் அவள கூட்டிட்டுப் போவேன். நான் கூட இருந்திருந்தா விழுந்திருக்க மாட்டா. இங்க நான் எந்தக் கதவு வழியா போகணும்? நீங்களே சொல்லுங்க."

வீல்சேரை மடித்து ஆம்புலன்ஸில் ஏற்றிக் கொடுத்தேன்.

2. எங்கே குறைத்தேன்

மேலிடத்திலிருந்து வந்த டிராயிங்கில் அந்த அறை ஏழடிக்கு ஏழடி. வராண்டாவிலிருந்து நேராக நுழையும் தனி வாசல். மூன்றடிக் கதவு, வெளிப்பக்கம் திறப்பது. கைப்பிடிக் கம்பி, அழைப்பு மணி எல்லாம் உண்டு.

எங்கள் பக்கம் கரிசல். அஸ்திவாரக் குழி எஸ்டிமேட்டில் போட்ட ஆழத்தில் கெட்டித் தரை காணவில்லை. இன்னும் தோண்டி, கரிசலை அள்ளி வெளியே கொட்டி, கிராவல் அடித்தோம். பணத்தின் ஒரு பகுதி இப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்குள் போனது. எங்கள் உதவிப் பொறியாளர், ஏ.இ., வயதில் என்னைவிடச் சின்னவர், கெட்டவர் இல்லை. அவர் என்னைக் கூப்பிட்டு, "ஓவர்சியர், எஸ்டிமேட்டுக்கு மேல எக்ஸஸ் போக முடியாது. எங்கயாச்சும் அடக்குங்க" என்றார்.

எங்கே என்று அவர் சொல்லவில்லை. இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தது நான். கவுண்டரில் கை வைத்தால் எல்லோருக்கும் தெரியும். வீல்சேரில் மாதத்துக்கு எத்தனை பேர் வரப்போகிறார்கள் என்று நினைத்தேன். தனி வாசலை எடுத்துவிட்டு, அறையைப் பெண்கள் கழிப்பறைக்குள் சேர்த்தேன். ஒரு சுவர் மிச்சம். அறையின் நீளத்திலும் அகலத்திலும் ஒன்றரை அடி குறைத்தேன். கையில் கிடந்த இரண்டரை அடிக் கதவை, வெளியே இடத்தை அடைக்காமல் உள்பக்கம் திறக்கும்படி மாட்டினேன். மணியை எடுத்தேன். கதவில் வீல்சேர் படத்தை மட்டும் பெயின்டரை வைத்துப் பெரிதாக வரையவைத்தேன்.

குறைத்தபோது எனக்கு உறுத்தவே இல்லை. சாமர்த்தியமாகச் செய்ததாகத்தான் நினைத்தேன்.

3. எழுதியது

சாயங்காலம் ஏ.இ. போன் செய்தார். "அவுக புகார் எதுவும் குடுக்கலையே? அப்ப விடுங்க. தரை ஈரமா இருந்துச்சு, வழுக்கிட்டாகன்னு எழுதிருவோம். ஏழு மாசத்துல வீட்டுக்குப் போறவரு, எதுக்கு உங்களுக்கு?"

அவர் என் நல்லதுக்குத்தான் சொன்னார். தரை ஈரமாக இருந்தது என்று எழுதினால் பழி பாண்டியம்மாள் மேல் போகும். அவள் தினக்கூலி. மறுநாளே நிறுத்திவிடுவார்கள்.

மூன்று நாள் தள்ளிப் போட்டேன். சார்ஜ் போட்டால் ஓய்வுப் பலன்கள் எல்லாம் நின்றுபோகும். மகள் பிரசவத்துக்கு வந்திருந்த நேரம். யார் போன் செய்தாலும் ஆபீஸாக இருக்குமோ என்று பயம். நான்காம் நாள் டிராயிங் நகலை எடுத்து, எதையெதைக் குறைத்தேன் என்று சிவப்பு மையால் குறித்து, கீழே 'குறைத்தது நான்' என்று எழுதி, ஏ.இ.க்கு மேலே இருக்கும் செயற்பொறியாளர் இ.இ.க்கு அனுப்பிவிட்டேன். தபாலில் சேர்த்த பிறகு திரும்ப வாங்கிவிடலாமா என்று தபால் ஆபீஸ் வாசலிலேயே நின்றேன்.

சிறிய தண்டனைக்கான பதினேழு-ஏ சார்ஜ் வந்தது. விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன். கண்டனத்தோடு முடித்தார்கள். ஆனால் அந்த உத்தரவு கையில் வர ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதமும் நான் பட்ட பாட்டை இங்கே எழுதப் போவதில்லை.

4. மறுபடி கட்டியது

உத்தரவு வரும் முன்பே, சார்ஜ் வந்த கையோடு, திருத்திய எஸ்டிமேட்டையும் என்னையே போடச் சொன்னார்கள். போடுவதற்கு முன் வீரசோழன் போனேன். மைதீன் பீவி கையில் மாவுக்கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்டேன். அறையில் என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"கம்பிய இடப்பக்கம் வச்சிருந்தீக. எனக்கு அந்தக் கைதான வெளங்காது. ரெண்டு பக்கமும் வைங்க. மணிய தரைக்குப் பக்கத்துல வைங்க. விழுந்தவ எந்திரிச்சா மணி அடிப்பா?"

டிராயிங்கிலும் இது இல்லை. இன்னொரு கம்பிக்கும், மணியைக் கீழே இறக்குவதற்கும் ஆன செலவு அந்த எஸ்டிமேட்டில் மிகச் சிறிய வரி. பெரிய வரிகள் எல்லாம் இடிப்புக்கும், டைல்ஸ் பெயர்ப்புக்கும், செப்டிக் டேங்க் குழாயைத் திருப்பியதற்கும் போனவை. முதலிலேயே ஒழுங்காகக் கட்டியிருந்தால் ஆகியிருக்கும் செலவைப்போல மூன்று மடங்கு வந்தது.

டிராயிங்படி மறுபடி வைத்த தனி வாசலில் ஆண், பெண் என்று எழுதாதே என்று பெயின்டரிடம் சொன்னதற்கு ஏ.இ. தயங்கினார். "ஆம்பளயும் பொம்பளயும் ஒரே கதவுல போறதா? ஊர்ல பேசுவாக." காதர் பாய் கேட்ட கேள்வியை அவரிடம் சொன்னேன். பைலை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

திறந்த இரண்டாவது வாரம் அந்த அறையிலிருந்து ஒரு திருநங்கை வெளியே வந்தார். அருப்புக்கோட்டையில் தறி வேலை பார்ப்பவராம். வீட்டுமனைப் பட்டாவுக்காக இரண்டு வருஷமாக அந்த ஆபீசுக்கு நடக்கிறார். நான் கட்டியவன் என்று வாட்ச்மேன் சொல்லியிருக்கிறார். அருகில் வந்து, "இங்க வார அன்னைக்கி காலைல இருந்து தண்ணி குடிக்க மாட்டேன் சார். அந்தப் பக்கம் போனா ஆம்பளைக கேலி, இந்தப் பக்கம் போனா பொம்பளைக வெரட்டுறாக. இன்னைக்கித்தான் போனேன்" என்றார்.

முதல் எஸ்டிமேட்டிலும் சரி, இரண்டாவதிலும் சரி, இவரை நான் நினைக்கவே இல்லை.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. அளவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு வீல்சேரை இரவல் வாங்குங்கள். அதில் உட்கார்ந்து உள்ளே போங்கள், கதவைச் சாத்துங்கள், திரும்புங்கள், யாரையும் கூப்பிடாமல் வெளியே வாருங்கள். வர முடியவில்லை என்றால் வேலை முடியவில்லை என்று எழுதுங்கள்.