ஐந்து புள்ளி வாங்கிய அங்கம்

சிரம்பானை அடுத்த அம்பாங்கானில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் ஒரு பழைய பலகைக் கதவு சுவரோடு சாய்ந்து நிற்கிறது. வருகிறவர்கள் கலைப்பொருள் என்று நினைத்து எங்கே வாங்கியது என்று கேட்பார்கள். சுவா என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் என் அத்தை இருந்த, தொழிலாளர் லயத்து வீட்டின் கதவு அது. உட்புறம் முழுக்கச் சின்னச் சின்னப் படங்கள்: ஒரு நிலா, இரட்டைத் தலைப் பூச்சி, புகை விடும் கப்பல். ஒவ்வொன்றின் பக்கத்திலும், பால் மரங்களுக்குக் குறி வைக்கும் சிவப்புச் சாயத்தில் புள்ளிகள்.

ஞாயிறு பிற்பகலில் தொலைக்காட்சியில் ஓடிய விண்கப்பல் தொடருக்கு அத்தை போட்ட மதிப்பெண்கள் அவை. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. திரையில் மலாய் எழுத்து ஓடும் வேகத்துக்கு அவர் கண் ஓடாது. ஆனாலும் கதை புரிந்துவிடும். கப்பல் தலைவரை, தோட்டத்தில் வேலை வாங்கும் மேற்பார்வையாளரைச் சொல்வதுபோல், மண்டோர் என்றுதான் சொல்வார். அங்கம் முடிந்ததும் சாயக் குச்சியோடு கதவுக்குப் போவார். வெறும் சண்டை என்றால் ஒரு புள்ளிதான். "சும்மா சுட்டுக்கிட்டே இருக்கானுங்க, வேலவெட்டி இல்லாதவனுங்க" என்பார். ஐந்து புள்ளி வாங்கியது ஒன்றே ஒன்று. கப்பல் தீப்பிடித்து எல்லாரும் தப்பி ஓடும்போது, சமையல்காரப் பெண் ஒருத்தி, தப்பிக்கும் சிறுகப்பலின் கதவை மூட விடாமல் மறித்து நிற்பாள். கடைசி ஆள்வரை பெயர் கூப்பிட்டு முடித்த பிறகுதான் கதவை மூட விடுவாள். பாதி அங்கம் பெயர் வாசிப்பதிலேயே போகும். எனக்குக் கொட்டாவி வந்தது. அத்தை அழுதுகொண்டிருந்தார்.

அடுத்த ஆண்டே தோட்டத்தை விற்றுவிட்டார்கள். தினமும் காலையில் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பெரட்டுக் களத்தில், மாற்று வீடு கிடைப்பவர்களின் பட்டியலைத் தோட்ட அலுவலக எழுத்தரான கிராணி ஒட்டினார். அத்தையின் பெயர் இருந்தது. காண்ட்ராக்டில் பால் மரம் சீவிய ஏழு குடும்பங்களின் பெயர் இல்லை. கையெழுத்துப் போட முதலில் அத்தையைத்தான் அழைத்தார்கள். அவர் பேனாவைத் தொடவில்லை.

"லயத்துல இருக்குற எல்லாரு பேரையும் கூப்பிடுங்க கிராணி ஐயா. அப்புறந்தான் கையெழுத்து."

"ஒனக்குத்தான் வீடு வந்துருச்சே. பேசாம போட்டுட்டுப் போ லா. இருக்கறதும் போயிறும்."

அத்தை களத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். மூன்று நாள் ஒரு பால்வாளிகூடத் தொழிற்சாலைக்குப் போகவில்லை. நான்காம் நாள் கிராணி புதுப் பட்டியலோடு வந்து ஒவ்வொரு பெயராக வாசித்தார். அந்த ஏழு வீட்டுக்காரர்களும் "இருக்கேன்" என்று சொன்னதைக் கேட்ட பிறகுதான் அத்தை எழுந்தார். புது வீட்டுக்குப் போகும்போது இந்தக் கதவைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டார். அவருக்குப் பிறகு அது எங்களிடம் வந்தது.

அந்தத் தொடர் இன்னும் புதிது புதிதாக வந்துகொண்டிருக்கிறது. போன மாதம் சிரம்பானில் ரசிகர்கள் கூடினோம். பழைய தொடர் உசத்தியா, புதிய தொடர் உசத்தியா என்று வழக்கமான சண்டை. பிறகு பிடித்த அங்கத்துக்கு ஆளுக்கொரு ஓட்டு. எங்கள் அங்கத்தை இணையத்தில் எல்லாரும் கடைசியில்தான் வைக்கிறார்கள், ஒன்றுமே நடக்காத அங்கமாம். எவர் என்ன பட்டியல் போட்டால் எனக்கென்ன? நான் அதைத்தான் எழுதிக் கொடுத்தேன்.

முடிவுகளை வாசித்த இளைஞர் தாளின் கடைசிக்கு வந்ததும் சிரித்தார். "அடியில ஒன்னு இருக்கு, ஒரே ஓட்டு. அத விட்டுறலாம் லா."

எல்லாரும் சிரித்தார்கள். நான் எழுந்து நின்றேன்.

"ஒரு ஓட்டா இருந்தாலும் பேரக் கூப்பிடுங்க தம்பி. கூப்பிடுற வரைக்கும் நான் உக்கார மாட்டேன்."

அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அந்த அங்கத்தின் பெயரை உரக்க வாசித்தார்.

"இருக்கேன்" என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியில் சிவப்புச் சாயம் வாங்கினேன். கதவில் வெளுத்துப் போயிருந்த அத்தையின் ஐந்து புள்ளிகளையும் அழுத்தி வைத்தேன். பக்கத்தில் ஆறாவதாக ஒன்று வைத்தேன். அது என்னுடையது.