சலூன் கதிரையில் நல்ல நாடு

மனைவி ஜெனி இறந்து மூன்று மாதம். இன்றுதான் குண்டசாலையில் முடிவெட்டப் போனேன்.

பக்கத்துக் கதிரையில் ஷேவ் எடுத்துக்கொண்டிருந்த ஐயா, “கரண்ட் போகாத நாடுதான் நல்ல நாடு,” என்றார்.

ஜெனரேட்டர் திருத்துகிற எனக்கு, கரண்ட் போனால்தான் சோறு.

“தம்பியும் வெளிநாடு போயிருங்க,” என்றார் எனக்கு முடிவெட்டிய அண்ணன். “இங்க என்னா இருக்கு? இனி உங்கள பிடிச்சு வைக்கவும் ஆளில்லையே.”

நல்ல மனதோடுதான் சொன்னார். கழுத்தில் துணி கட்டியிருந்ததால் எழுந்து போகவும் முடியவில்லை.

“விசா வந்திருச்சுண்ணே. போன மாசம். ரெண்டு பேருக்கும்.”

கத்தரி நின்றது.

ஐயா கேட்டார். “அப்ப எப்ப போறீங்க தம்பி?”

“அம்பிட்டியில அவ கல்லறைக்கு இன்னும் சிமெந்து பூசலங்க ஐயா.”

அதற்குப் பிறகு யாரும் நாட்டைப் பற்றிப் பேசவில்லை. அண்ணன் மட்டும் என் பிடரியை இரண்டு தடவை துடைத்துவிட்டார்.

வெளிநாட்டில் இருக்கிற நண்பர்களே, அங்கே முடிவெட்டுகிறவர்கள் எதுவுமே கேட்க மாட்டார்களாமே. அது நல்லதா, கெட்டதா? விசா முடிய இன்னும் ஆறு வாரம் இருக்கிறது, அதற்குள் சொல்லுங்கள்.