கிணற்றுக்குக் கீழே கடல்

1. முதல் நாள்

மாலத்தீவின் தென்கோடியில் ஒரு பவளத்தீவு. சுற்றி நடந்தால் இருபத்தைந்து நிமிடம். காவிரி வயல்களுக்கு நடுவே, குடவாசலில் வளர்ந்த எனக்கு முதலில் உறைத்தது, அங்கே கைப்பிடி களிமண்கூட இல்லை என்பது. எங்கும் பவளம் நொறுங்கிய வெள்ளை மணல். குடிநீர்த் திட்டத்தில் ஒரு வருட ஒப்பந்தம். தமிழ் பேச ஓர் ஆள்தான்: பம்ப் ஆபரேட்டர் அஜீஸ், கீழ்வேளூர்க்காரர்.

“வாங்க மேடம். சண்டை போடக்கூடத் தமிழ்ல ஆள் இல்லாம இருந்துச்சு” என்றார்.

என் பொறுப்பில் இருந்தவை: உப்பை அளக்கும் இ.சி. மீட்டர், அளவு நாடா, ஊரே குடிக்கும் ஒரே நல்ல கிணறு.

2. இரண்டு அடி

மார்ச்சில் மழை இல்லை. பம்ப் காற்றை இழுத்தது.

“தோண்டி, குழாய் நுனியில இருக்குற ஃபுட் வால்வை ரெண்டு அடி இறக்கிடுங்க” என்றேன்.

“அதான் மேடம். நம்ம ஊரா இருந்தா நேத்தே இறக்கியிருப்போம்.”

பக்கத்து வீட்டு ஆமினா கையை ஆட்டி ஏதோ சொன்னார். அஜீஸ் சிரித்தார். “கீழ தோண்டுனா கடல் வந்துடுமாம். வயலையே பாக்காதவங்க நமக்குச் சொல்றாங்க.”

நானும் சிரித்தேன்.

அத்தகைய தீவில் மழைநீர், மணலுக்குள் உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கும். ஆழத்திலிருந்து இழுத்தால் உப்பு மேலே எழும்பும். தேர்வில் இதைப் படம் போட்டு எழுதியவள் நான். கை மட்டும் குடவாசல் கை.

நான்காம் நாள் தேநீர் கரித்தது. மீட்டரில் எண் ஐந்து மடங்கு.

3. படகுத் தண்ணீர்

பம்பை நிறுத்தினோம். தோண்டியதை மணலால் மூடினோம். குடிநீர் வாரம் இருமுறை படகில் வந்தது. வரிசையில் நிற்கும் ஆமினா என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அஜீஸை வேறு தீவுக்கு மாற்றினார்கள்.

“சண்டைக்கு இனி என்ன பண்ணுவீங்க மேடம்?” என்று கேட்டுவிட்டுப் படகேறினார்.

அதன்பின் நான் தமிழில் பேசியது மீட்டரிடம்தான். காலையும் மாலையும் அளந்தேன். கடல் ஏறும்போது கிணற்றிலும் தண்ணீர் ஏறியது; இறங்கும்போது இறங்கியது.

ஜூனில் அம்மா போனில், “வாய்க்கால்ல தண்ணி வந்துருச்சுடி. அங்க?” என்றார்.

“மழை பெய்யுதும்மா.”

எண் மெல்ல இறங்கியது. குடிக்கலாம் என்ற அளவுக்கு வந்த அன்று ஆமினாவைக் கூப்பிட்டேன். நீளக் கம்பில் கட்டிய டப்பாவால் மேல்தண்ணீரை மட்டும் அள்ளினார். வீட்டுக் கிணறுகளிலும் தினமும் அவர்கள் அப்படித்தான் அள்ளுவார்கள். நான் ஏன் என்று கேட்டதே இல்லை. முதலில் என்னிடம் நீட்டினார். குடித்தேன். என் முகத்தைச் சிறிது நேரம் பார்த்துவிட்டுத்தான் அவர் குடித்தார்.

4. இப்போது

கீழ்வேளூர்ப் பக்கம் வேலை. போர்வெல்லில் தண்ணீர் குறைந்தால், “இன்னும் இருபது அடி இறக்கிடலாம் மேடம்” என்கிறார்கள். முதலில் மீட்டரை இறக்குகிறேன். பிறகு அந்தத் தண்ணீரில் சோறு வடிக்கும் பெண்ணிடம், எப்போதிலிருந்து கரிக்கிறது என்று கேட்கிறேன். அவர் சொல்லி முடிக்கும் வரை சிரிப்பதில்லை.