கினுகோவின் தொண்டைக்கு ஏற்ற பதம்

மொரிஹிகோ ஜப்பானின் அவாஜித் தீவில் முப்பத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டியவர். வீட்டில் அடுப்புப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அறுபத்தாறு வயதில், மனைவி கினுகோ பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகுதான் கரண்டி பிடித்தார்.

கினுகோவுக்குப் பேச்சு குழறலோடு திரும்பிவிட்டது. விழுங்குவதுதான் பெரும்பாடு. தண்ணீராக எது போனாலும் புரையேறும். "தேன் மாதிரி மெதுவா இறங்கணும். ரொம்பக் கெட்டியானா ஒட்டிக்கும்" என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

பத்து நாள் பொறுத்துப் பார்த்தவள் மசித்த பூசணியைத் தள்ளிவிட்டாள்.

"என் வெங்காய டிரெஸ்ஸிங் இல்லாம இதை மாடுதான் திங்கும்."

காய்கறிமேல் ஊற்றிச் சாப்பிடும் அந்த டிரெஸ்ஸிங் தீவுக்கே பழக்கமானது. பச்சை வெங்காயத் துருவல், வினிகர், சோயா சாஸ், எண்ணெய். ஆனால் தண்ணீர் மாதிரி ஓடும். மொரிஹிகோ கெட்டியாக்க ஆஸ்பத்திரி கொடுத்த பொடியைப் போட்டார், கட்டிகட்டியாய் மிதந்தது. மாவுக் கரைசலைக் காய்ச்சி ஊற்றினார்.

கினுகோ எட்டிப் பார்த்தாள். "போஸ்டர் ஒட்டப் போறீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை வந்த அவள் அக்கா தாஸுகோவும் விடவில்லை. "என்ன மாப்பிள்ளை, பஸ்ஸுக்கு கிரீஸ் காய்ச்சறீங்களா?"

மொரிஹிகோ, பஸ் டிரிப் கணக்கு எழுதுவதுபோல, காலெண்டரின் பின்பக்கத்தில் ஒவ்வொரு முறையும் என்ன சேர்த்தார், எப்படிக் கெட்டது என்று எழுதிவைத்தார். ஒருநாள் கஞ்சிக்காக ஆவியில் வேகவைத்த வெங்காயத்தை அரைத்துக் கிளறியபோது அவர் கை சட்டென்று நின்றது. விழுது தானாகவே கெட்டியாக இருந்தது. பொடியும் வேண்டாம், மாவும் வேண்டாம்!

விழுதை நார் போக வடிகட்டி, சோயா சாஸும் அரைத்த எள்ளும் சேர்த்து, எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு அடித்தார். பிரியவே இல்லை. மறுநாள் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தால் எள் ஈரத்தை இழுத்து இறுகியிருந்தது. சாப்பாட்டுக்குச் சற்று முன் வினிகரை அரை அரைக் கரண்டியாக விட்டு இளக்கினார். கரண்டியைச் சாய்த்தால் தயங்கித் தயங்கி விழுந்தது. இருபத்துமூன்றாவது முயற்சி அது.

முதல் வாய் அவரே சாப்பிட்டார். பிறகு பூசணியின் மேல் ஊற்றிக் கினுகோவுக்கு ஊட்டினார். விழுங்கினாள். இருமல் வரவில்லை. அவர்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஊத்துங்க," என்றாள்.

அடுத்த ஞாயிறு தாஸுகோ ஒரு வாய் எடுத்தாள், கிண்ணத்தை வழித்தாள். "என்ன சேர்த்தீங்க மாப்பிள்ளை? எனக்கும் சொல்லுங்களேன்."

"சொல்லாதீங்க," என்றாள் கினுகோ. "கிரீஸ்னு சொன்னவங்களுக்குக் கிடையாது."

மொரிஹிகோ சிவந்துபோன காதுகளோடு பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

வசந்தத்தில், கினுகோ பகலில் போய்வரும் முதியோர் மையத்தின் சமையல்காரி கேள்விப்பட்டுச் செய்முறை கேட்டனுப்பினாள். எழுதிக் கொடுக்க முடியாது, ஆள் வந்துதான் காட்டுவார் என்று கினுகோ பதில் சொல்லியனுப்பினாள். மொரிஹிகோ போனார். பதினான்கு பேருக்கு முன்னால் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு அடித்தார். கலவை பிரியவில்லை.

சக்கர நாற்காலியில் முன்வரிசையில் இருந்த கினுகோ பக்கத்துக் கிழவியின் கையைத் தட்டினாள்.

"எங்க வீட்டுக்காரர்," என்றாள், குழறாமல்.