லூசெரோ அரங்கின் மூக்கு

கியூபாவின் சியென்ஃபுவேகோஸ் ஊரில், நட்சத்திர விதானத்தோடு லூசெரோ திரையரங்கைக் கட்டியபோது, திரைக்கு மேலிருக்கும் சுதைச் சிலையின் முகத்துக்கு மாதிரியாக நின்றவர் எவாரிஸ்டோ. அப்போது அவர் சாந்து குழைத்த அழகான வாலிபர். பிறகு அங்கேயே டிக்கெட் கிழித்துக் கிழவரானார்.

ஒரு புயலில் கூரைத் துண்டு விழுந்து சிலையின் மூக்கு உடைந்தது. செப்பனிட வந்த சிற்பி யாமிலா, "தாத்தா, உக்காருங்க. உங்க மூக்கப் பாத்தே செஞ்சிடுறேன்" என்றாள்.

"வேணாம்மா, இது ரம் குடிச்சு வீங்கின மூக்கு. மேல நிக்கிற அந்தப் பையன் பாவம்!"

அவள் கேட்கவில்லை.

சாரம் பிரித்த அன்று எவாரிஸ்டோவும் மனைவி ஓர்டென்சியாவும் அண்ணாந்து பார்த்தார்கள். வாலிப முகத்தில் முற்றிய கத்தரிக்காய் போல மூக்கு உட்கார்ந்திருந்தது.

"யோவ் கிழவா, இப்பத்தான் அச்சு அசல் உன்னை மாதிரியே இருக்கு!" என்று ஓர்டென்சியா சிரித்தாள்.

"நான் போனப்புறமும் ஊரே அண்ணாந்து பாக்கப்போற மூக்குடி இது" என்றார் எவாரிஸ்டோ. ஆனால் தெருவுக்கு வரும்வரை கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டுதான் நடந்தார்.