மைக் இல்லாத கூட்டம்

இன்னிக்கு பிள்ளையார்பாளையத்துல எங்க தெருவுக்கு ஒரு சுற்றுச்சூழல் கட்சி ஓட்டு கேட்டு வந்துச்சு. தலைவர், செயலாளர், பொருளாளர்னு மொத்தக் கட்சியும் ஒரே பேட்டரி ஆட்டோவுல.

மைக் வச்சா ஒலி மாசாம். அதனால தலைவர் குசுகுசுன்னு பேசினாரு.

அவ்ளோதான்! தறியை அப்படியே விட்டுட்டு தெருவே வந்து அவரைச் சுத்திக்கிச்சு.

எதிர்வீட்டு அக்கா என் காதுல, "யார் வீட்டு விஷயம்பா?"ன்னாங்க.

"ஏரி விஷயம்க்கா."

"அட, ஏரியா! யாரோ ஓடிப் போயிட்டாங்கன்னு நெனச்சிக்கினு வந்தேன்."

அக்கா கெளம்பினதும் பாதிக் கூட்டம் கலைஞ்சிடுச்சு. செயலாளர் முகம் வாடிப்போச்சு.

தலைவர் அசரல. குரலை இன்னும் கொறைச்சாரு. போனவங்க எல்லாம் திரும்பி வந்துட்டாங்க, அக்கா உட்பட.

என் ஓட்டு அவருக்குத்தான். சின்னம் என்னன்னுதான் காதுல விழல. உங்க யாருக்காவது கேட்டுச்சா?